அம்மாவின் இடுப்புக்குப் பூச்சுப் போட்ட டைட்டேனியம்: எலும்பு அதை எப்படிப் பிடிக்கும்?

மஸ்கெலியா மகன் | சனி, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 57 வயது. முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மழை நாளில், கொழுந்து நிறுக்கப் போகும் வழியில் கானில் கால் வழுக்கி விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிந்துவிட்டது. மூன்று ஸ்க்ரூ போட்டுப் பொருத்தினார்கள். முறிவு கூடியது. ஆனால் எலும்பின் தலைக்குப் போகும் இரத்த ஓட்டம் அடைபட்டதால் அந்தத் தலை மெல்ல மெல்லச் செத்து, இப்போது எக்ஸ்ரேயில் நசுங்கிய பந்து மாதிரித் தெரிகிறது. தோட்டத்து லய வீட்டிலிருந்து ரோட்டுக்கு வர அரை மணி நேரம் ஆகிறது அவருக்கு.

இடுப்பு மூட்டை மாற்ற வேண்டும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். சிமெந்து போடாத வகை, தொடை எலும்புக்குள் இறக்கும் டைட்டேனியம் தண்டு, அதன்மேல் எலும்பு ஒட்டுவதற்கு ஒரு செராமிக் பூச்சு இருக்கும் என்றார். கிளினிக்கில் அவ்வளவு கூட்டம், அதற்கு மேல் கேட்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தால் ஆளுக்கொரு கதை. செராமிக் என்றால் கோப்பை மாதிரி உடைந்துவிடும் என்கிறார் மாமா. இரும்பு உடம்புக்குள் துருப்பிடிக்கும் என்கிறார் பக்கத்து லயத்து அக்கா. அம்மா கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "தம்பி, பசை இல்லாம அது எப்படி எலும்புல நிக்கும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சுருக்கமாக வேண்டாம், விளங்கும்படி வேண்டும்.


தலவாக்கலை பட்டறை | சனி, இரவு 10.48

தம்பி, நான் வைத்தியன் இல்லை. பேராதனையில் பொறியியல் படித்தவன். இப்போது தேயிலை ஸ்டோர்களில் தேய்ந்துபோன ரோலர் தண்டுகளுக்கு உலோகம் தெளித்துச் சரிசெய்யும் வேலை செய்கிறேன். உங்கள் அம்மாவின் தண்டுக்குப் போடும் பூச்சும் ஏறக்குறைய அதே கை வேலைதான், பல மடங்கு நுணுக்கம். அதனால் இதைப் பற்றி எழுத எனக்கு ஆசை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். இடுப்பு மாற்றில் செராமிக் என்று இரண்டு இடத்தில் சொல்வார்கள். பந்து இருக்கிறதே, கிண்ணத்துக்குள் சுழல்வது, அதைச் சில நேரம் அலுமினாவில் செய்வார்கள். 1970இல் பிரான்சில் பூட்டன் என்ற வைத்தியர் தொடக்கி வைத்தது. கண்ணாடி போல வழவழப்பு, லேசில் தேயாது. எலும்பு அதோடு ஒட்டாது, ஒட்டவும் தேவையில்லை. மாமா பயப்படுகிற உடையும் செராமிக் அந்த வகை. இன்றைய கலவைகளில் அதுவும் அரிதாகத்தான் உடைகிறது.

வைத்தியர் சொன்னது இன்னொன்று. அதன் பெயர் ஹைட்ரொக்சி அபடைட். கல்சியமும் பொஸ்பேட்டும் சேர்ந்த கனிமம். பத்துக் கல்சியத்துக்கு ஆறு பொஸ்பரஸ் என்பது அதன் கணக்கு. நம் எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்தக் குடும்பத்துக் கனிமம்தான். பல்லின் மேலோடும் அதுதான். அதாவது தண்டுக்குப் பூசுவது எலும்பின் சொந்தக் கல்லை.

அப்படியானால் முழுத் தண்டையும் அதிலேயே செய்தால் என்ன என்று கேட்பீர்கள். தாங்காது. நொறுங்கும். நடக்கும்போது இடுப்பில் உடம்பு எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு பாரம் விழுகிறது, அது சோக்கட்டி மாதிரி முறிந்துவிடும். ஆகவே பலத்துக்கு உலோகம், எலும்புக்குக் காட்டும் முகத்துக்குக் கனிமம். இந்த ஏற்பாட்டோடு இடுப்புத் தண்டு முதன்முதலில் மனிதருக்கு வைக்கப்பட்டது 1985இல், லண்டனில், ஃபர்லோங் என்ற வைத்தியரால்.

பூசும் விதத்தைச் சொல்கிறேன். முதலில் டைட்டேனியத்தை மணல் அடிப்பது போல அலுமினாத் துகளை வேகமாக அடித்துச் சொரசொரப்பாக்குவார்கள். நம் மேசன் பாஸ் பழைய சுவரில் சாந்து பூசுமுன் உளியால் கொத்திவிடுவாரே, அதே காரணம். பிறகு பிளாஸ்மா துப்பாக்கி. ஆர்கன் வாயுவுக்குள் மின்வில் எரியும், நடுவில் வெப்பம் 10,000 பாகை செல்சியஸைத் தாண்டும். அந்தச் சுடருக்குள் பொடியை ஊதுவார்கள். ஒரு துகள் அதற்குள் இருப்பது சில மில்லிசெக்கன்தான். அதற்குள் மேல்தோல் உருகி, தண்டில் மோதி, தோசைக்கல்லில் விழுந்த மாவு போலப் பரந்து, அப்படியே உறைந்துவிடும். அதன்மேல் இன்னொன்று. அப்படி ஆயிரமாயிரம். கடைசியில் கனம் 50 முதல் 200 மைக்ரோனுக்குள் நிற்கும், அதாவது ஒன்று இரண்டு தலைமுடி அளவு.

மாணவனாக இருந்தபோது பூசிய ஒரு துண்டைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். மினுக்கம் எதுவும் இல்லை. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளை, நகத்தை வைத்தால் கரகரவென்று இருக்கும். இவ்வளவு பாடுபட்டு இந்த அழுக்கு வெள்ளையா என்று அன்றைக்கு நினைத்தேன். அந்தக் கரகரப்புத்தான் காரியம் செய்கிறது என்பது பிறகுதான் விளங்கியது.

எலும்பு எப்படிப் பிடிக்கிறது என்பதை நாளைக்கு எழுதுகிறேன், கரன்ட் போகப் போகிறது.


ராகலை குளிர் | ஞாயிறு, காலை 6.30

நல்ல இழை. துருப்பற்றி யாராவது சொல்லுங்கள். என் அப்பாவுக்கும் காலில் பிளேட் இருக்கிறது. அப்புறம் இங்கே பனி விழும் மாதங்களில் உள்ளே இருக்கும் உலோகம் குளிர்ந்து வலிக்குமா?


தலவாக்கலை பட்டறை | ஞாயிறு, காலை 8.15

துரு என்பது இரும்புக்கு. டைட்டேனியம் காற்றுப் பட்டவுடனே தன்மேல் சில நானோமீற்றர் கனத்தில் ஓர் ஒட்சைட்டுத் தோலை வளர்த்துக்கொள்ளும். கீறினாலும் திரும்ப வளரும். அதுதான் அதன் கவசம். குளிருக்கு, இடுப்புத் தண்டு போல உள்ளே ஆழத்தில் இருப்பது ஏறக்குறைய உடம்பின் 37 பாகையில்தான் இருக்கும், வெளியே எவ்வளவு பனி விழுந்தாலும். வலி இருந்தால் வேறு காரணம் பார்க்க வேண்டும்.

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். பசை இல்லை. ஆனால் உடம்பு அதைத் தன் பொருள் என்று எடுத்துக்கொள்ளும் ஒரு வேலை நடக்கிறது.

தண்டைத் தட்டி இறக்கியவுடன் சுற்றிலும் இரத்தம் உறையும். இரத்தத்தில் இருக்கும் புரதங்கள் அந்தக் கரடுமுரடான வெள்ளைமேல் போய்ப் படியும். பூச்சிலிருந்து கொஞ்சம் கல்சியமும் பொஸ்பேட்டும் கரைந்து வெளியே வரும். வந்தது அங்கேயே திரும்பவும் மிகச் சின்னப் படிகங்களாக இறங்கும், இந்தத் தடவை எலும்பில் இருப்பதைப் போலவே காபனேட் கலந்து. எலும்பு கட்டும் செல்கள் அங்கே வந்து பார்க்கும்போது அவற்றின் முன்னால் இருப்பது அந்நிய உலோகம் இல்லை, பாதி கட்டிய எலும்பு. அவை கொலாஜன் நாரை விரிக்கும், நாருக்குள் கனிமம் ஏறும். சில வாரங்களில் அவசரமாகப் பின்னிய எலும்பு வந்துவிடும். மாதக்கணக்கில் அது ஒழுங்கான அடுக்கு எலும்பாக மாறும். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் பூச்சுக்கும் எலும்புக்கும் நடுவில் வேறு திசு எதுவும் தெரியாது.

இன்னொன்று. பூச்சு இல்லாத இடத்தில் எலும்பு பழைய எலும்புக் கரையிலிருந்து தண்டை நோக்கி வளர்ந்து வரும். பூச்சு இருந்தால் இரண்டு கரையிலிருந்தும் வரும். அதனால்தான் தண்டுக்கும் எலும்புக்கும் நடுவில் ஒரு மில்லிமீற்றர் இடைவெளி விட்டுப்போனாலும் அதைப் பாலம் கட்டி நிரப்பப் பூச்சு உதவுகிறது. எவ்வளவு நல்ல கையானாலும் எலும்புக் குழாயைத் தண்டின் அச்சாகக் குடைய முடியாது, அங்கங்கே இடைவெளி இருக்கத்தான் செய்யும்.


எட்டாம் நம்பர் மலை | ஞாயிறு, மாலை 4.05

பட்டறைத் தம்பி எழுதியதைப் படித்து எழும்பி உட்கார்ந்துவிட்டேன். நான் வெளிக்கள உத்தியோகத்தராக இருபத்தாறு வருடம். அபடைட் என்றால் எனக்கு மூட்டையில் வருகிற பொருள்!

அனுராதபுரம் மாவட்டத்தில் எப்பாவல என்ற இடத்தில் 1971இல் பெரிய பொஸ்பேட் படிவு கண்டுபிடித்தார்கள். அந்தக் கல் அபடைட். அதை அரைத்துத்தான் நம் தேயிலைக்கும் இறப்பருக்கும் தென்னைக்கும் போடுகிறோம். வயலுக்கு அது ஆகாது. ஏன் என்றால் அது தண்ணீரில் கரைவதே இல்லை, புளிப்பு மண்ணில்தான் மெல்ல மெல்லக் கரையும். தேயிலை மண்ணின் பீஎச் (புளிப்பைக் காட்டும் இலக்கம், ஏழுக்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பு கூடும்) நாலரை முதல் ஐந்தரைக்குள் இருப்பதால் இங்கே அது வேலை செய்கிறது. ஒரு தடவை போட்டால் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும்.

என் கேள்வி இது. உடம்பு புளிப்பு இல்லையே. அப்படியானால் அம்மாவின் பூச்சு எப்படிக் கரையும்? அல்லது கரையாமல் காலம் முழுக்க அப்படியே இருக்குமா?


தலவாக்கலை பட்டறை | ஞாயிறு, இரவு 7.40

ஐயா, இதைவிட நல்ல கேள்வியை யாரும் கேட்டிருக்க முடியாது.

எலும்பில் இரண்டு வகை வேலைக்காரர்கள். ஒருவர் கட்டுவார், ஒருவர் தின்பார். தின்னும் செல் எலும்பின்மேல் ஒரு கிண்ணம் கவிழ்த்தது போல ஒட்டிக்கொண்டு, அந்தச் சின்ன அடைப்புக்குள் மட்டும் அமிலத்தைச் சுரக்கும். அந்த அடைப்புக்குள் பீஎச் எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய நாலரை. உங்கள் எட்டாம் நம்பர் மலை மண்ணின் புளிப்பு! தேயிலை மண் எப்பாவலக் கல்லைக் கரைப்பது போலத்தான் அந்தச் செல் எலும்பையும் பூச்சையும் கரைக்கிறது. தின்ற இடத்தில் கட்டுபவர் வந்து புது எலும்பு வைப்பார். நமக்கு ஆயுள் முழுக்க எலும்பில் இந்த வேலை நடந்துகொண்டே இருக்கிறது. பூச்சு அந்த வரிசைக்குள் சேர்ந்துகொள்கிறது.

பூச்சு எவ்வளவு வேகமாகக் கரையும் என்பது துப்பாக்கியைப் பிடித்தவர் கையில் இருக்கிறது. சூடு கூடினால் ஹைட்ரொக்சி அபடைட் சிதைந்து வேறு பொஸ்பேட்டுகளாகவும், படிகமில்லாத கண்ணாடித் தன்மையுள்ள பொருளாகவும் மாறும். அவை சீக்கிரம் கரைந்துவிடும். கொஞ்சம் கரைவது நல்லது, எலும்பைக் கூப்பிடுவது அதுதான். அளவுக்கு மீறிக் கரைந்தால் எலும்பு வருவதற்குள் பூச்சு போய்விடும். அதனால் சர்வதேசத் தரம் ஒன்று வைத்திருக்கிறார்கள்: குறைந்தது 45 வீதம் படிகமாக இருக்க வேண்டும், பூச்சை உலோகத்திலிருந்து இழுத்துப் பிரிக்கக் குறைந்தது 15 மெகாபாஸ்கல் இழுவிசை வேண்டும்.

இந்த இரண்டாவது இலக்கத்தில்தான் என் கவலை. எலும்பு பூச்சைப் பிடிப்பது சேர்ந்து வளர்ந்த பிடி. பூச்சு உலோகத்தைப் பிடிப்பது வெறும் சொரசொரப்பில் மாட்டிய பிடி. ஆறும்போது ஹைட்ரொக்சி அபடைட் டைட்டேனியத்தைவிட அதிகமாகச் சுருங்கும், அதனால் பூச்சுக்குள் எப்போதும் ஓர் இழுவை இருக்கும். கனமாகப் பூசினால் வெடிக்கும். ஸ்டோர்த் தண்டுகளில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்: ஆசைக்குக் கொஞ்சம் கூடத் தெளித்தால் ஓடு கழன்ற மாதிரிப் பிரிந்து வரும். பலவீனம் இருக்கும் இடம் எலும்புப் பக்கம் இல்லை, உலோகப் பக்கம்.


வெலிமடை வாசகன் | ஞாயிறு, இரவு 9.55

எல்லாம் சரி, அண்ணா. ஆனால் நான் ஒன்று கேட்க வேண்டும். டைட்டேனியத்தோடு எலும்பு தானாகவே சேரும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். பல் நடுவது அப்படித்தானே? சுவீடனில் பிரானெமார்க் என்ற வைத்தியர் 1952இல் முயல் எலும்புக்குள் இரத்த ஓட்டம் பார்க்க டைட்டேனியக் குழல் வைத்து, பிறகு எடுக்கப்போனால் வரவில்லை. 1965இல் முதல் மனிதருக்கு அதை வைத்துப் பல் கட்டினார். பூச்சு எதுவும் இல்லை. அப்படியிருக்க இந்த வெள்ளைப் பூச்சு உண்மையிலேயே தேவையா, அல்லது விற்பனைக்குச் சேர்த்ததா?

இன்னொன்றும் படித்தேன். சுவீடனில் 1979 முதல் இடுப்பு மாற்றுகளைப் பதிவேட்டில் குறிக்கிறார்கள். அதை வைத்து 2010இல் வந்த ஆய்வில், பூச்சுப் போட்ட கிண்ணங்களைத் திரும்ப மாற்ற வேண்டி வந்தது மற்றவற்றைவிடக் கூடுதலாக இருந்தது. இதை இங்கே யாரும் சொல்லவில்லை. அம்மாவின் விஷயம் என்பதால் சொல்கிறேன், குறை சொல்ல இல்லை.


தலவாக்கலை பட்டறை | திங்கள், அதிகாலை 5.20

சொன்னது நல்லது. மறைக்க ஒன்றும் இல்லை.

டைட்டேனியம் எலும்போடு சேரும், உண்மை. 100 முதல் 400 மைக்ரோன் வரை துளைகள் வைத்த மேற்பரப்பானால் எலும்பு உள்ளே வளர்ந்து பூட்டிக்கொள்ளும், பூச்சே இல்லாமல். பூச்சு செய்வது அந்த வேலையை விரைவுபடுத்துவதும், இடைவெளியைத் தாண்ட உதவுவதும்.

நீங்கள் சொன்ன ஆய்வு கிண்ணத்தைப் பற்றியது. இடுப்புக் கிண்ணமும் தொடைத் தண்டும் ஒன்றல்ல. பழைய கிண்ணங்கள் சிலவற்றில் அடியிலிருந்த உலோகமே வழவழப்பு; பூச்சை எலும்பு தின்று முடித்தபின் பிடிக்க ஒன்றும் இல்லாமல் போனது. தண்டில் கதை வேறு. 1986இல் பிரான்சில் வந்த கொரேல் தண்டு முழுவதும் 150 மைக்ரோன் பூச்சோடு வந்தது, இன்றைக்கும் உலகம் முழுக்க வைக்கிறார்கள். அதே நேரம், பூச்சில்லாத நல்ல சொரசொரப்புத் தண்டுகளும் கிட்டத்தட்ட அதே அளவு நன்றாக நிற்கின்றன. ஆகவே என் முடிவு: பூச்சு தனியே நின்று காப்பாற்றாது. அடியில் உலோகம் கரடாக இருக்க வேண்டும், தண்டு முதல் நாளிலேயே அசையாமல் இறுகி உட்கார வேண்டும். அதன்மேல் பூச்சு இருந்தால் நல்லது.

தம்பி, வைத்தியரிடம் கேட்க வேண்டியது "பூச்சு இருக்கிறதா" என்பது இல்லை. "பூச்சுக்கு அடியில் உலோகம் கரடா" என்று கேளுங்கள்.


டிக்கோயா ஆறு | திங்கள், பகல் 12.30

நான் இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன்.

என் பெரியப்பாவுக்கு ஆறு வருடத்துக்கு முன் இதே பூச்சுத் தண்டு வைத்தார்கள். எந்த வைத்தியசாலை என்று சொல்ல மாட்டேன். சத்திரசிகிச்சை நன்றாகத்தான் நடந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு துண்டு கொடுத்தார்கள், முழுக்க ஆங்கிலம். வாயால் சொன்னது சிங்களத்தில். பெரியப்பாவுக்குச் சிங்களம் சந்தைக்குப் போதும், இதற்குப் போதாது. "ஆறு கிழமை பாதிப் பாரம்" என்று அந்தத் துண்டில் இருந்தது எங்களுக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரியும்.

அவர் மூன்றாம் கிழமை ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டார். வலி இல்லையே என்றார். ஐந்தாம் கிழமை விறகுக் கட்டோடு வந்தார். நாங்களும் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தோம், அதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. எட்டு மாதத்தில் தொடையின் நடுவில் வலி தொடங்கியது. உட்கார்ந்து எழும்பி முதல் நாலைந்து அடி வைக்கும்போது மட்டும் குத்தும், பிறகு குறையும். கடைசியில் எக்ஸ்ரேயில் தண்டைச் சுற்றிக் கறுப்புக் கோடு. எலும்பு பிடிக்கவில்லை, நார்த்திசுதான் வளர்ந்திருக்கிறது என்றார்கள். இரண்டாம் தடவை வெட்டி, பெரிய தண்டு வைத்தார்கள். பழைய தண்டு என்ன வகை என்று கேட்டபோது வீட்டில் ஒரு காகிதமும் இல்லை.

மஸ்கெலியாத் தம்பி, துண்டைத் தமிழில் எழுதித் தரச் சொல்லி வார்டிலேயே கேளுங்கள். எழுதித் தராவிட்டால், தமிழ் தெரிந்த தாதி ஒருவரிடம் சொல்லச் சொல்லி போனில் பதிவுசெய்துகொள்ளுங்கள். வெட்கப்பட வேண்டாம்.


பண்டாரவளை இயன்மருத்துவர் | திங்கள், இரவு 8.20

டிக்கோயாத் தம்பி, பெரியப்பாவுக்கு நடந்தது உங்கள் குற்றம் இல்லை. சொல்ல வேண்டியவர்கள் விளங்கும் மொழியில் சொல்லவில்லை. இதை ஒவ்வொரு மாதமும் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் கோபம் வருகிறது.

மூன்றாம் கிழமை வலி இல்லாமல் போவது எலும்பு பிடித்ததால் இல்லை. வெட்டிய தசை ஆறியதால். எலும்பு பிடிப்பது வலியோடு சம்பந்தம் இல்லாத வேலை. நான் லயங்களிலிருந்து வருகிறவர்களுக்கு எப்போதும் தேயிலை நாற்று வளர்க்கும் தவறணையைத்தான் சொல்வேன். தேயிலைத் தண்டை வெட்டிப் பொலித்தீன் பைக்குள் நட்டபிறகு, வேர் வந்துவிட்டதா என்று தினமும் இழுத்துப் பார்ப்பீர்களா? இழுத்தால் வேர் வராது. சொன்னவுடனே விளங்கிவிடும், குறிப்பாகத் தவறணையில் வேலை செய்த அம்மாமாருக்கு.

அசைவு எவ்வளவு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் தண்டு எலும்புக்குள் சுமார் 50 மைக்ரோனுக்குள் அசைந்தால் எலும்பு வளரும். 150 மைக்ரோனைத் தாண்டினால் எலும்புக்குப் பதிலாக நார்த்திசு வரும். தலைமுடி ஒன்றுக்கும் இரண்டுக்கும் இருக்கும் வித்தியாசம்தான். எவ்வளவு நல்ல பூச்சும் அந்த அசைவை மன்னிக்காது.

அதற்காகப் பயந்து படுத்தே கிடக்கவும் கூடாது. பாரம் இல்லாத எலும்பு மெலியும், காலில் இரத்தம் உறையும். எவ்வளவு பாரம் வைக்கலாம் என்பதை உள்ளே தண்டு எப்படி இறுகியது என்று பார்த்த வைத்தியர் சொல்ல வேண்டும். சிலருக்கு அடுத்த நாளே முழுப் பாரம் வைக்கச் சொல்வார்கள், சிலருக்கு ஆறு கிழமை பாதி. ஆளுக்காள் மாறும். பாதிப் பாரம் என்றால் என்னவென்று விளங்காவிட்டால் குளியலறைத் தராசு ஒன்றில் காலை வைத்து அழுத்திப் பழகச் சொல்லுங்கள். கொழுந்து நிறுத்தவர்களுக்குத் தராசு முள் நன்றாகத் தெரியும்.

மஸ்கெலியாத் தம்பி, வீட்டில் இப்போதே செய்ய வேண்டியது: குந்தும் கழிப்பறை என்றால் கொமட் கதிரை ஒன்று ஏற்பாடு செய்யுங்கள். அடுப்படிப் பலகையில் உட்காருவது கூடாது, முழங்காலைவிட இடுப்பு தாழப் போகக் கூடாது. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். வெற்றிலையோடு புகையிலை போடுபவராக இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள், புகைப்பதும் நிக்கொட்டினும் எலும்புக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும். சீனி வருத்தம் இருந்தால் கட்டுக்குள் வர வேண்டும்.

எலும்பு மிகவும் மெலிந்த வயதானவர்களுக்கு, அதுவும் விழுந்து முறிந்து வந்தவர்களுக்கு, சிமெந்து வகைதான் பொதுவாகப் பாதுகாப்பு. தட்டி இறுக்கும்போது மெலிந்த எலும்பு வெடித்துவிடலாம். இங்கிலாந்தில் சார்ன்லி என்ற வைத்தியர் 1958 முதல் வைத்த அக்ரிலிக் சிமெந்து ஒன்றும் மட்டமான பொருள் இல்லை. யாருடைய அம்மாவுக்காவது சிமெந்து என்று சொன்னால், மலிவானதைத் தருகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.


ராகலை குளிர் | செவ்வாய், காலை 6.45

அப்பாவின் பிளேட்டுக்கு ஏன் இந்தப் பூச்சுப் போடவில்லை என்று யோசித்தேன். போட்டால் சீக்கிரம் கூடியிருக்குமே?


தலவாக்கலை பட்டறை | செவ்வாய், காலை 7.30

பிளேட் என்பது சாரம் மாதிரி. கட்டடம் நின்றதும் கழற்ற வேண்டி வரலாம், எலும்பு அதோடு சேர்ந்துவிட்டால் கழற்றுவது பெரும்பாடு. பூச்சில்லாத டைட்டேனியப் பிளேட்டிலேயே சில நேரம் ஸ்க்ரூ திரும்பாமல் தலை உடைந்துபோகிறது. எலும்பு சேர வேண்டிய இடமும் உண்டு, சேரக் கூடாத இடமும் உண்டு. வெளியே கம்பிக் கூடு மாட்டும்போது எலும்புக்குள் போகிற ஊசிகளுக்குச் சில இடங்களில் இதே பூச்சைப் போடுவார்கள், மாதக்கணக்கில் தளராமல் இருக்க.

எட்டாம் நம்பர் ஐயாவுக்கு ஒரு செய்தி. பேராதனை ஆய்வாளர்கள் எப்பாவலக் கல்லிலிருந்தே ஹைட்ரொக்சி அபடைட் தயாரித்திருக்கிறார்கள். டைட்டேனியத்துக்கான இல்மனைட்டும் உருட்டைலும் திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டைக் கடற்கரை மணலில் இருக்கின்றன. அங்கே கிடைக்கும் சிர்க்கோனிலிருந்துதான் செராமிக் பந்தில் அலுமினாவோடு கலக்கும் சிர்க்கோனியாவும் எடுக்கலாம். தண்டு, பூச்சு, பந்து, மூன்றுக்கும் மூலப்பொருள் இந்தத் தீவில் இருக்கிறது. மணலாகவே கப்பலேறிப் போகிறது. மருத்துவத் தரத்துக்குச் சுத்திகரிப்பது சின்ன விஷயம் இல்லை, தெரியும். ஆனாலும் உங்கள் மலையில் கொட்டும் அந்த மூட்டையைப் பார்க்கும்போது ஒரு தடவை இதை நினைத்துக்கொள்ளுங்கள்.


எட்டாம் நம்பர் மலை | செவ்வாய், மாலை 5.10

இன்றைக்கு உரம் போடும் நாள். மூட்டையைப் பிரித்து ஒரு பிடி அள்ளி, இதுதான் உங்கள் எலும்பில் இருக்கிற கல்லின் சொந்தக்காரன் என்று ஆட்களிடம் காட்டினேன். ஒரு பாட்டி அதைக் கையில் வாங்கி, விரலால் தேய்த்துப் பார்த்து, தலைப்பில் முடிந்துகொண்டு போனார்.


மஸ்கெலியா மகன் | பதினான்கு கிழமைகளுக்குப் பிறகு, ஞாயிறு, இரவு 8.00

எல்லோருக்கும் நன்றி சொல்லத் தாமதமாகிவிட்டது. அம்மாவுக்குச் சத்திரசிகிச்சை நடந்து இன்றோடு பன்னிரண்டு கிழமை முடிகிறது.

பட்டறை அண்ணா, நீங்கள் சொன்ன கேள்வியைக் கேட்டேன். வைத்தியர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அடியில் கரடுதான், துளை வைத்தது என்றார். தண்டுப் பெட்டியில் இருந்த ஸ்டிக்கரைக் கோப்பில் ஒட்டியிருந்தார்கள், அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். வீட்டில் ஒரு பிரதி, அக்கா வீட்டில் ஒரு பிரதி. டிக்கோயா அண்ணா, அது உங்களுக்காக. வீட்டுக்கு அனுப்பும் துண்டு ஆங்கிலத்தில்தான் வந்தது. ஆனால் ஹட்டனைச் சேர்ந்த ஒரு தாதி வரிக்கு வரி தமிழில் சொன்னார், பதிவுசெய்தேன். அம்மா அதைத் தினமும் போட்டுக் கேட்டார். ஆறு கிழமை பாதிப் பாரம் என்றால் ஆறு கிழமை பாதிப் பாரம்தான். ஊன்றுகோலை எடுக்கப் போன தம்பி மகனைத் திட்டியும் விட்டார்.

நேற்றுக் கிளினிக். வைத்தியர் முதல் நாள் எக்ஸ்ரேயையும் நேற்றைய எக்ஸ்ரேயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தொடை எலும்பின் மேல் முனையிலிருந்து தண்டின் தோள்வரை அளந்தார், இரண்டிலும் ஒரே அளவு. தண்டு ஒரு மில்லிமீற்றர்கூடக் கீழே இறங்கவில்லை. சுற்றிக் கறுப்புக் கோடு எங்கேயும் இல்லை. ஓர் இடத்தில் எலும்பு தண்டுக்குப் பாலம் போட்டது போல வெள்ளையாகக் கூடிவரத் தொடங்குகிறது என்று பேனா முனையால் காட்டினார். எனக்குப் பாதிதான் தெரிந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்துவிட்டு, "வேர் விட்டுடுச்சு" என்றார்.

லயத்துக்கு ஏறும் படி முப்பத்தெட்டு. நல்ல கால் முதலில் வைத்து, நடுவில் ஒரே தடவை நின்று ஏறினார். அடுத்த கிளினிக் ஆறாம் மாதத்தில். அந்தப் படத்தையும் கேட்டு வாங்கி வந்து எழுதுகிறேன்.